நிலையம் பதினேழு

வரைபடத்தில் இதற்குப் பெயரில்லை.
விட்டுவிட்டுப் போகும் நீலக் கோடு,
பக்கத்தில் ஓர் எண்: பதினேழு.
கோடு விட்ட இடங்களில்
ஆறு இல்லை என்று பொருளில்லை.
சுண்ணாம்புப் பாறைக்கு உள்ளே
யாரும் பார்க்காமல் நடந்துகொண்டிருக்கிறது.

நீளம் பதினொரு கிலோமீட்டர்.
சலாலாவுக்குக் கிழக்கே, தாகா தாண்டி,
மலையேறும் தார்ச்சாலையில்
ரஹ்மத் கான் பகல் பதினொரு மணிக்கே
முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்.
ஜூன் கடைசியில் கடல் எழுந்து
மலைமேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது,
மூன்று மாதத்துக்கு.
இங்கே அதைக் கரீஃப் என்கிறார்கள்.
மழை என்று சொல்ல முடியாது.
விழுவதில்லை, நிற்கிறது.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால்
துணி நனைகிறது,
கண்ணாடி அப்படியே இருக்கிறது.

வடக்கு விளிம்புவரை ஒருமுறை போனேன்.
இந்தப் பக்கம் அத்தி, புளி,
கொடி பின்னிய புதர், முழங்கால் உயரப் புல்.
அந்தப் பக்கம்
சட்டை காய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.
கல், கல்லின் நிழல்,
தொலைவில் ஒற்றைக் குந்திரிக்க மரம்.
ஈரமும் வறட்சியும் மலைமுதுகில்
பாகம் பிரித்த பங்காளிகள் மாதிரி
ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருந்தன.

என் வேலை அளப்பது.
திறந்தவெளி மழைமானி
ஒரு நாளைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் காட்டும்.
சில நாள் அதுவும் இல்லை.
ஒன்றரை மில்லிமீட்டரில் ஆறு ஓடாது.
கணக்கு உதைத்தது.
அத்திமரத்தடியில் ஒரு வாளி வைத்தேன்.
காலையில் நான்கு விரல் தண்ணீர்.

வானம் கீழே போடாததை
இலை பிடித்துவைத்து
நரம்பு வழியே நுனிக்குக் கொண்டுவந்து
கனக்கும்வரை தாங்கி
விடுகிறது.
மறுபடி பிடிக்கிறது.
இரவெல்லாம் அந்தச் சத்தம்தான்,
யாரோ காசு எண்ணுவது போல.

ஒரு காலை வாளி வெறுமையாய்க் கிடந்தது.
துஃபூல் பாறைமேல் நின்றுகொண்டிருந்தாள்,
கையில் கழி, பின்னால் ஏழு மாடு.
அவள் மொழி மலைமொழி, என் மொழி தமிழ்.
இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத
அரபியில் சண்டை போட்டோம்.
“சொட்டுவதை அளக்கவா சம்பளம்?”
“ஆமாம்.”
“எவ்வளவு?”
சொன்னேன். சிரித்தாள்.
கன்றின் தாடையிலிருந்து
என் தரவு வழிந்துகொண்டிருந்தது.
மரத்தின் கீழ்க்கிளைகளைக் காட்டினேன்.
ஒட்டகம் எட்டும் உயரம்வரை
சீவிவிட்டது போல இலையே இல்லை.
“அது என் ஒட்டகம் இல்லை,” என்றாள்.
“மாமன் மகனுடையது.
அவனிடம் போய் அளந்து பார்.”

பதிவேட்டில் எழுதினேன்:
ஆகஸ்ட் 11. கன்று குடித்தது.
தலைமையகம் அதை அடித்துவிட்டு
‘விவரம் இல்லை’ என்று போட்டது.
கூடவே ஒரு கேள்வி:
ஆற்றின் தொடக்கத்தை
வரைபடத்தில் புள்ளியாகக் குறிக்கவும்.

எங்கே வைப்பது?
அந்த அத்தியில் மட்டும்
எத்தனை நுனி!
அதற்கு மேலே இன்னொரு அத்தி.
மேய்ந்து மொட்டையான சரிவில்
எந்தப் புள்ளியும் இல்லை.
அங்கே மூடுபனி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுப்
போய்விடுகிறது.

செப்டம்பர் கடைசி. வெயில் வந்துவிட்டது.
மேலே புல் மஞ்சளாகத் தொடங்கிய பிறகுதான்
அடிவாரத்து ஊற்று பெருக்கெடுக்கிறது.
பாறைக்குள் நடந்தது இப்போதுதான்
வீடு சேர்கிறது.
கரையோரம் ஒரு காயல்,
அதன் முன்னே மணல்மேடு,
அதற்கப்பால் கடல்.
இருநூறு அடி. இந்த ஆண்டும் உடைக்கவில்லை.
ஆறு நாரைகளோடு
அங்கேயே நின்றுவிட்டது.

அளவுகோலைக் குனிந்து படித்தேன்.
ஒரு மீட்டர் பன்னிரண்டு.
ரஹ்மத் கான் வண்டியைத் திருப்பினார்.
குறிப்புப் பத்தியில்,
மறுபடி அடிப்பார்கள் என்று தெரிந்தே,
எழுதினேன்:
கன்று குடித்தது போக.