அனுமதிச் சீட்டில் பன்னிரண்டு

விண்ணப்பத்தில் பைன் காடு என்றிருந்தது.
வேறெங்கோ குளிரில் உட்கார்ந்து எவரோ எழுதிய திட்டம்.
எங்களுக்கு வாய்த்தது
கோனித் தீவின் சவுக்குத் தோப்பு.

தூரத்தில் பைன்தான்.
கிட்டப் போனால் ஊசி ஊசியில்லை,
கணுக்கணுவாய்க் கழன்றுவரும் பச்சைக் குச்சி.
"காளானுக்கு அது தெரியாது" என்றாள் ஷுவென்.
வேரோடு குடித்தனம் நடத்துவதற்குத்
தெரியாமலா இருக்கும்?

மழை விட்ட இரண்டாம் நாள்.
பொங்கோல் முனையில் பேருந்தை விட்டிறங்கி நடந்தோம்.
மெழுகுத்தாள், சிறு கத்தி, அளவுகோல்,
மடித்து மடித்து வியர்வையில் நனைந்த அனுமதிச் சீட்டு.
பன்னிரண்டு மாதிரிகள். அதற்கு மேல் இல்லை.

முதல் சதுரத்தில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் மணல் ஈ.
மூன்றாவதில், செத்த கட்டையொன்றில்
வரிசையாய் மரக்காதுகள்.
தொட்டதும்
பேருந்தில் தூங்குகிறவர் காதைத் தொட்டுவிட்டதுபோல்
கையை இழுத்துக்கொண்டேன்.

நீருக்கு அப்பால் பாசிர் கூடாங் புகைபோக்கிகள்.
ஒரே மழைதான் அங்கும் பெய்திருக்கும்,
அந்தப் பக்கத்துக் காளானுக்கு வேறு சீட்டு.

உண்ணத்தக்கவை பற்றிய ஆய்வில்
யாரும் எதையும் உண்ணவில்லை.
மதியம் ரொட்டி, டப்பா சார்டின்.

மூன்று மணிக்குப் பன்னிரண்டாவதை மடித்துவைத்தோம்.
மூன்று பத்துக்கு ரொஸ்மைனி நின்றுவிட்டாள்.

புற்றுக்காளான்.
கறையான் மேட்டைப் பிளந்துகொண்டு
நாற்பது, ஐம்பது வெள்ளைக் குடைகள்,
மண்ணுக்கடியில் ஏதோ கூட்டம் கலைந்து
வெளியே வந்ததுபோல.

யாரும் குனியவில்லை.
ஷுவென் படமெடுத்தாள். நான் அளந்தேன்.
படிவத்தில் ஒரு பத்தி: உண்ணத்தக்கதா?
அடுத்த பத்தி: சொன்னவர் யார், ஆதாரம் என்ன?
ரொஸ்மைனி பேனாவை வாங்கி எழுதினாள்:
"நான். மஞ்சள், தேங்காய்ப்பால். 2009."

ஆய்வகத்தில் இரவு
பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தாளில் தொப்பிகளைக் கவிழ்த்து
கண்ணாடிக் குவளை மூடினோம்.
விடிவதற்குள் ஒவ்வொன்றும்
தன் கையெழுத்தைப் போட்டுவிடும்.
வெள்ளை வித்துகளைக் கறுப்பில் படிக்கலாம்,
கறுப்பை வெள்ளையில்.

யீஷூனில், ஒன்பதாம் மாடியில்
சப்பாத்தைக் கழற்றியபோது
அடிப்பள்ளத்தில் நசுங்கிய வெள்ளைத் துணுக்கு.
எந்த நேரத்தில் மிதித்தேனோ.
சீட்டில் காலணி பற்றி ஒரு வரியும் இல்லை.

கழுவாமல்
நடைபாதைக் கறிவேப்பிலைத் தொட்டியில் தட்டினேன்.

கறையான் இல்லாமல் அது முளைக்காது.
இதைச் சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
இருந்தும் ஒவ்வொரு மழைக்கும் பிறகு,
இரண்டாம் நாள்,
பல் துலக்குவதற்கு முன்
கதவைத் திறந்து பார்க்கிறேன்.