அரை அளவு கூட

தயாளன் கேட்டது நாலே டயர்.
முப்பத்துமூன்று அங்குலம், கறுப்பு, முரட்டுப் பல்.
கையகலப் படமொன்றைக் குளிர்பெட்டிக் கதவில்
காந்தம் வைத்து ஒட்டியிருந்தான்,
பள்ளிக்கட்டண நோட்டீசுக்கு மேலே.

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்
ஷூ பேக்டரியில் கணக்கெழுதுகிறவள். பதினேழு வருடம்.
அரை அளவு கூடினால் அட்டைப்பெட்டி மாறும்,
நாடா நீளும், தோல் கூடுதலாய் வெட்டுப்படும்,
லாரியில் ஏறும் பெட்டி குறையும்.
கால் மட்டும் வளர்ந்ததாக
எந்தப் பேரேட்டிலும் நான் பார்த்ததில்லை.

தண்ணீர் பில்லின் முதுகில் கோடு போட்டேன்.

நாலில்லை, ஐந்து என்றேன்.
மலையில் ஒன்று வெடித்தால்
மூன்று பெரிய காலும் ஒரு சின்னக் காலுமாய்
நொண்டிக்கொண்டா இறங்குவாய்?
ஒன்று நாலாயிரத்து எண்ணூற்றைம்பது ராண்ட்,
ஐந்துக்கு இருபத்துநாலாயிரத்து இருநூற்றைம்பது.
அவன் முகத்தில் காற்று இறங்கியது.
வால்வை அழுத்தியவள் நான்தான்.

டயர் அகன்றால் ரிம் அகல வேண்டும்.
ரிம் வெளியே வந்தால் மட்கார்டில் உரசும்.
உரசாதிருக்க வண்டியைத் தூக்க வேண்டும்.
தூக்கினால் பிரேக் குழாய் எட்டாது.
எல்லாம் முடித்து நிமிர்ந்து நின்றால்
கராஜ் வாசலில் தலை இடிக்கும்.
அளந்தே பார்த்தோம். டேப்பின் மறுமுனையை அவன் பிடித்தான்.
இரண்டு விரற்கடை போதவில்லை.
வீட்டையும் தூக்கிவிடலாமா என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

டீசல் என்று எழுதி எதிரே காலியாக விட்டேன்.
நிரப்பினால் அன்றிரவு சாப்பிட மாட்டான்.

கூட்டினால் ஐம்பத்தோராயிரத்து அறுநூறு.
கையிலிருப்பது பத்தொன்பதாயிரம்,
அதுவும் கூரைத் தகட்டுக்கென்று வைத்தது.

சனிக்கிழமை, டயர் கடை.
பேக்கி எங்கள் படத்தைப் பார்க்கவில்லை, பில்லையும் பார்க்கவில்லை.
குனிந்து, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே
தன் முஷ்டியை விட்டான். நுழைந்தது.
கட்டைவிரலை நீட்டினான். இடித்தது.
"முப்பத்திரண்டு" என்றான், கையைத் துடைத்துக்கொண்டே.
பழைய ரிம்மே போதும். தூக்க வேண்டாம்.

பில்லில் மிஞ்சிய ஓரத்தில் மறுபடி:
நாலாயிரத்து நூற்றைம்பதை ஐந்தால் பெருக்கி,
மாட்டவும் பேலன்ஸ் பார்க்கவும் தொள்ளாயிரம்,
அலைன்மென்ட் தொள்ளாயிரத்தைம்பது,
பழைய நாலும் விலைபோய் நாலாயிரம் வரவு.
மீதி நானூறு.
கூரை இந்த மழைக்கும் ஒழுகும்.
வாளி இருக்கிறது. வாளிக்குச் செலவில்லை.

பிறகு ஒரு விடியற்காலை அண்டர்பெர்க் சாலை,
கண்ணாடியெல்லாம் பனி, பின்சீட்டில் புளிச்சோறு.
அறுபது என்று முள் சொன்னால் அறுபத்திரண்டு.
பெரிய சக்கரம் குறைவாகச் சுற்றும்,
மீட்டர் சுற்றைத்தான் எண்ணும்,
மண்ணை எண்ணாது.

சானி கணவாயின் அடியில்
தார் தீர்ந்து கல் தொடங்கும் இடத்தில் நிறுத்தினான்.
மீட்டரில் நூற்றைம்பது.
நான் மனசுக்குள் பெருக்கினேன்: நூற்றைம்பத்தைந்து,
கொஞ்சம் முன்னே பின்னே.

இத்தனை வருடத்தில் எனக்குப் பழக்கப்பட்ட வித்தியாசமெல்லாம்
பற்றாக்குறைதான்.
தொலைந்த ஜோடி, எலி கடித்த தோல்,
வவுச்சர் இல்லாத டீச்செலவு.
வந்து சேர்ந்தும் யாரும் எழுதாத ஐந்து கிலோமீட்டரை
எந்தப் பத்தியில் வைப்பது?
விற்கும்போது வண்டி வயதைக் குறைத்துச் சொல்லும்.
அது பொய்க்கணக்கு. திருத்தத்தான் போகிறேன்,
திங்கட்கிழமை.

தயாளன் மண்டியிட்டு
ஒவ்வொரு டயராய்க் காற்றைக் குறைக்கிறான்.
உஸ்ஸென்று போகிறது,
நான் விலை எழுதாத ஒரே சாமான்.

நாலாவது முடிந்து எழுந்தவனிடம்
கை நீட்டினேன்.
சாவியைக் கொடு.
அந்த ஐந்தை நான் ஓட்டுகிறேன்.