எடைமேடை, இரவு ஷிப்டு

மணலி விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள்
ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி நிற்கும்.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
ஒரு கையில் சீட்டு, மறு கையில் நாவல்.
சரக்கோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை,
கழித்தால் வருவதுதான் எடை.
வேறு விமர்சன முறை எதுவும் எனக்குத் தெரியாது.

சரித்திர நாவல், மூன்று பாகம்.
எழுபதாம் பக்கத்தில் குளிக்கப் போன இளவரசி
நூற்றுப் பத்தில்தான் கரையேறினாள்.
அதற்குள் இருபத்திரண்டு வண்டிகளை அனுப்பிவிட்டேன்.
குதிரைகள் பரவாயில்லை.
மூச்சிரைத்தன, லத்தி போட்டன,
யாரையும் 'தேவி' என்று கூப்பிடவில்லை.

காதல் கதையைத் திட்டுவதற்காகவே எடுத்தேன்.
கோபம் வந்தால் கார் ஓட்டுகிறான்,
காதல் வந்தாலும் கார் ஓட்டுகிறான்,
டீசல் காசு யாருடையதென்று கடைசிவரை இல்லை.
ஆனாலும் அவள் ரயிலேறியபோது அழுதுவிட்டேன்.
சீட்டு வாங்க வந்த க்ளீனர் பையன்,
"கண்ணு எரியுதாக்கா? ரீபைனரி காத்து
இன்னிக்கு இப்டித் திரும்பிக்கிச்சு" என்றான்.
ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அடுத்தது வேற்றுக் கிரகம்.
அங்கே வானம் மஞ்சள், ஆற்றில் சாம்பல்,
மூச்சு விட்டால் நெஞ்சில் கரகரப்பு.
இதற்கு ராக்கெட் எதற்கு,
எண்ணூருக்கு பஸ் இருக்கிறதே ஐயா.
ஒருத்தி மட்டும் தனியாக உட்கார்ந்து
பழுதான பம்பைக் கழற்றி மாட்டுகிறாள், ஒன்பது பக்கம்.
அந்த ஒன்பதுக்காக மீதியை மன்னித்தேன்.

பேய்க்கதையில் பயம் வரவில்லை.
விடிகாலை மூன்று மணிக்கு
வண்டியே நிற்காத மேடையில்
சில நாள் திரை நாற்பது கிலோ காட்டும்.
மழைத் தண்ணீரா, எலியா, கோளாறா,
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாலும் நாற்பது.
இதை யாராவது எழுதட்டும், பயப்படுகிறேன்.

விருது வாங்கிய நாவலின் பின்னட்டையில்
ஐந்து பேர் புகழ்ந்திருக்கிறார்கள்.
ஐவரில் எத்தனை பேர் முடித்தார்களோ.
பதினொரு பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி,
ஓவர்லோடு. அபராதச் சீட்டு போட்டிருப்பேன்.
இரண்டாம் தடவை படித்தேன், கொஞ்சம் புரிந்தது.
புரிந்தவரை பிடிக்கவில்லை.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒன்று வந்தது.
முதல் வரியிலேயே கத்தி.
முப்பதாம் பக்கத்துக்குள் நாலு பிணம்,
பேசுகிறவர்கள் எல்லோரும் "இன்னாபா".
கொருக்குப்பேட்டை கேட்டில் அரைமணி நின்று
பரீட்சைக்குத் தாமதமானவள் ஒருத்திகூட இல்லை.
தண்டையார்பேட்டையில் பல் வலிக்கு
லீவு போட்டவன் இல்லை, எல்.ஐ.சி கட்டுகிறவன் இல்லை.
என் அப்பா முப்பது வருஷம் இங்கே
டியூப்லைட் மாட்டினார்.
அவரைக் குத்த யாருக்கும் நேரமிருந்ததில்லை.
எழுதியவர் நன்றாகத்தான் எழுதுகிறார்,
அதுதான் எரிச்சல்.

துப்பறியும் நாவலை
நெல்லூர் லோடு கஜபதிக்கு இரவல் கொடுத்தேன்.
மறுநாள் ராத்திரி நாயுடுபேட்டையிலிருந்து போன்.
"மேடம், கட்சி எட்டு பக்கம் கீஞ்சிருக்குது.
கொன்னது யாரு?"
எனக்கும் கிழிந்துதான் கிடைத்தது.
தெரியாதென்று சொல்லியிருக்கலாம்.
கம்பவுண்டர் என்றேன்.
லாரி எஞ்சின் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.
"அவன் நல்லவனாச்சே," என்று வைத்துவிட்டார்.

மூன்று வாரம் முகம் பார்க்காமல் சீட்டு வாங்கினார்.
நடுவில், நூலகத்து பிலோமினா
முழுப் பிரதி ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தாள்.
கொன்றது இரட்டைச் சகோதரனாம்.
அதுவரை எங்கேயும் தலைகாட்டாத சகோதரன்!
மேசையில் எறிந்தேன், டீ கொட்டியது.
கழித்துப் பார்த்தால் என் முடிவுதான் கனம்.
அவரிடம் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி வண்டியை மேடையேற்றிவிட்டு
கஜபதி கண்ணாடியைத் தட்டினார்.
திரையில் எண்கள் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன.
"வேற எதுனா இருக்கா மேடம்," என்றார்,
"கம்பவுண்டர் இல்லாத கதையா?"