முப்பது கிலோ

மூண்டு சீட்டைக் கழட்டி
விறாந்தையில வைச்சிட்டன்.
பிள்ளைகள் அதில ஏறிக்
கட்டுநாயக்கா போய் வருகுதுகள்,
ஒரு நாளைக்கு நாலு தரம்.

வானுக்குள்ள இப்ப லீக்ஸ், போஞ்சி, கோவா.
முன்கண்ணாடியில ஊரடங்குப் பாஸ்.
பத்து வருசமா ராவில ஓடின றோட்டு
தம்புள்ளைச் சந்தையோட திரும்புது.
அங்கால குருநாகல், நீர்கொழும்பு,
கண்ணாடிக் கதவடியில கட்டிப்பிடிச்சு அழுற சனம்
எல்லாம் அந்தந்த இடத்தில கிடக்கோ, தெரியாது.

பங்குனிப் பக்கத்தில ஒவ்வொரு பேராய் வெட்டினன்.
உவர்மலை டொக்டர் வீடு, மெல்பேண்.
திருக்கடலூர்க் கலியாணக்காரர், ரொறன்ரோ, ஒம்பது பேர்.
சாம்பல்தீவு நிரோஜன், துபாய், முதல் வேலை.
அட்வான்சைத் திருப்பிக் குடுக்கப் போக
அவன் மட்டும் வாங்கேல்ல.
"வெங்காயமாக் கழியுங்கோ அண்ணை."

எமில்டா அக்காவின்ர பேரை வெட்டேல்ல.
அவவின்ர சூட்கேஸ் பின்மூலையில,
தறப்பாளுக்குக் கீழ.
முதல் நாளே ஏத்தினது.
லண்டனில தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு.
பாலையூற்று வீட்டு வாசலில
கொழுவித் தூக்கிற தராசில நிறுத்தம்.
முப்பதுக்கு மேல முள்ளு நிண்டுது.
சரக்குத்தூளை வெளியில எடுத்தா,
மனமில்லாமல் திரும்ப வைச்சா,
ஒரு சோடி செருப்பை எடுத்தா.
முப்பது.

"இறக்கித் தரட்டோ?"
"வேண்டாம் தம்பி.
இறக்கினாப் போறேல்ல எண்டு முடிஞ்சிடும்."

ஊரடங்கு எங்களுக்குப் பழகினதுதானே எண்டு
வரிசையில ஒருத்தர் சொல்லிக்கொண்டு நிண்டார்.
பழகினதுதான்.
அப்ப சத்தம் கேட்டாப் படுப்பம்.
இதுக்குச் சத்தமில்லை,
ஆர் இருமினாலும் திரும்பிப் பாக்கிறம்.

கோட்டைக்குள்ள நிண்ட மான்கள்
தபாற்கந்தோர் தாண்டி வருகுதுகள், கோவா இலைக்கு.
நான் கீறின சுண்ணாம்பு வட்டத்துக்குள்ள
ஒழுங்கா நிண்டது ஒண்டே ஒண்டு.
அதுவும் கொம்பு வைச்சது.

கிழமைக்கொருக்கா அக்கா வருவா.
மரக்கறி வாங்கி முடிய
"அந்தச் சிப்பை ஒருக்காத் திற" எண்டுவா.
ஒரு கிழமை மிளகாய்த்தூள்.
ஒரு கிழமை பினாட்டு, பிள்ளைகளுக்கு எண்டு என்னட்டையே தந்தா.
சரக்குத்தூள் பின்வீட்டு ரிஸ்வானாவுக்கு,
அவளுக்குச் சித்திரையில பிள்ளை.
குளிருக்கெண்டு பின்னின தொப்பியை மட்டும்
எடுத்தா, பாத்தா, வைச்சா.

ஆடியில ஊரடங்கில்லை. பிளேனுமில்லை.
"நிறு தம்பி" எண்டா.
அதே தராசு,
கொளுக்கியில வெங்காய மண்.
பதினொண்டரை.
"குழந்தை மூண்டே காலாம்" எண்டா,
"இன்னும் பதினெட்டரை ஏத்தலாம்."
மாஸ்குக்கு மேல கண் சுருங்கிச்சுது.
சிரிப்பெண்டுதான் நினைக்கிறன்.

சில்லறை இல்லை எண்டா.
கொப்பியை எடுத்தன்.
பங்குனி இருபத்தொண்டு, எமில்டா, லண்டன், ஒரு ஆள்.
அதுக்கு நேர எழுதினன்:
போஞ்சி அரைக்கிலோ. கடன்.