பதினோராவது பிரிவு

காஸ்ட்ரோவில் கடை. வெளியே மழை.
சொல்லவேண்டியதே இல்லை,
சிலோயேத் தீவில் மழை
முகவரியின் ஒரு பகுதி.

துணி உலர்த்தும் இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தேன்,
பூசணியைத் தட்டுவதுபோல.
என்ன சத்தம் கேட்டால் நல்லது என்று
எனக்குத் தெரியாது.

விலை பேசி முடிந்ததென்று நினைத்தபோது
விற்கிற பையன்
(யெர்க்கோ என்று சட்டையில் குத்தியிருந்தது)
குரலைத் தாழ்த்தினான்,
டாக்டர்கள் தாழ்த்துவார்களே, அப்படி.
"கம்பெனி ஒரு வருடம்தான் பொறுப்பு, சென்யோரா.
இன்னும் முப்பத்தெட்டாயிரம் பெசோ சேர்த்தால்
மேலும் மூன்று வருடம்
நிம்மதியாகத் தூங்கலாம்."

நான் சால்மன் ஆலையில் இரவு வேலை.
எப்படியும் தூங்குவதில்லை.

முப்பத்தெட்டாயிரம் என்றால் ஒரு வண்டி விறகு, காய்ந்தது.
காய்ந்ததென்று சத்தியம் செய்து விற்கிற விறகென்றால்
கொஞ்சம் கூடவே வரும்.
அல்லது வால்டிவியாவிலிருந்து மகள் வர
பேருந்துச் சீட்டு.
திரும்பிப் போகிற காசை அவளே போட்டுக்கொள்வாள்.

தாளைக் கொடு என்றேன்.
என் கண்ணாடி வீட்டில்.
காசாளர் பெண்ணின் கண்ணாடியை இரவல் வாங்கி
எறும்பு ஊர்ந்த எழுத்தைப் படித்தேன்.
பொறுப்பேற்காதவை:
ஈரம். உப்புக்காற்று. துரு.
மின்சாரம் போய்ப்போய் வருவது.
எலி.
"எங்கள் வீட்டை யாரோ வந்து பார்த்துவிட்டு
எழுதியிருக்கிறார்கள்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. மாதக் கடைசி.
இடது ஷூவின் அடி வாய் பிளந்திருந்தது.
இன்னும் எத்தனை தாள் விற்கவேண்டுமோ.

சரி, பழுதானால் யார் வருவார்?
"புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து மெக்கானிக்."
கடல் தாண்டியா?
"படகு ஓடினால்."
படகு ஓடாத நாளில்தானப்பா
துணி காயாது.

அப்புறம்தான் பதினோராவது பிரிவு.
வேறு எவர் கையாவது திருகாணியைத் தொட்டால்
எல்லாம் ரத்து.

வேறு எவர் என்றால் எரிபெர்த்தோ மான்சில்யா,
என் வேலிக்கு அந்தப் பக்கம்.
பழைய இயந்திரத்தைப் பத்தொன்பது வருடம் ஓடவைத்தவர்,
மட்டி திறக்கிற கத்தியால்.
கூலி கேட்டதில்லை. உருளைக்கிழங்கு கொடுத்தால் மட்டும்
என்ன, இவ்வளவு சின்னது என்பார்.
இதில் கையெழுத்திட்டால்
மூன்று வருடம் அவரைச் சலவையறைக்குள் விடமுடியாது.
வந்தால் என்ன சொல்வேன்?
உங்கள் கையைவிட ஒரு தாளை நம்பினேன் என்றா?

அறுபத்தெட்டு வயது அவருக்கு.
போன குளிர்காலத்திலிருந்து
கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார்.
அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.
அதற்கென்று தாளில் பிரிவில்லை.

"பத்து நாள் யோசிக்கலாம்" என்றான் யெர்க்கோ,
என்னிடமிருந்து கண்ணாடியைத் திரும்ப வாங்கியபடி.

அண்ணன் மகனின் வண்டியில்
கெயோன் வந்து சேர்ந்தது இயந்திரம்.
முதல் இரவு பக்கத்தில் நாற்காலி போட்டு
அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
மகளின் காய்ச்சலுக்குக்கூட இப்படி உட்கார்ந்ததில்லை.
டக், டக் என்றது. வயிறு கலங்கிவிட்டது.
என் ஆலைச் சீருடையின் பொத்தான்.

ஒன்பதாம் நாள் எரிபெர்த்தோ வந்தார், கூப்பிடாமலே.
"ஆடுகிறது. என் சுவர் வரைக்கும் கேட்கிறது."
திருகாணியைத் தொடாதீர்கள் என்றேன்.
ஏனென்று கேட்கவில்லை.
மண்டியிட்டார், மெல்ல,
ஒவ்வொரு முழங்காலாக.
மேசையில் கிடந்த தாளை எட்டி எடுத்து
நாலாய் மடித்து, எட்டாய் மடித்து
ஆடுகிற காலுக்கு அடியில் செருகினார்.

ஆட்டம் நின்றது.

"முக்கியமான தாளா?"
நாளைவரை இருக்கிறது என்றேன்.

எழுந்திருக்கக் கையை நீட்டினார்.
பிடித்துத் தூக்கினேன்.
கனமாகத்தான் இருந்தார்.