இரண்டு புள்ளிகள்

தார்த்து நகரில் பனி இன்னும் விடவில்லை.
லீவிகா பதினேழாவது கோப்பை இறக்குகிறாள்.
நைஜர், தில்லாபேரி, ஆறாம் வகுப்பு, பெண்கள்:
கட்டத்தில் எண் இல்லை.
இரண்டு புள்ளிகள்.

பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே போட்டிருப்பார்களே.

வேறு தளம் கடவுச்சொல் கேட்டது.
இன்னொன்றில் ஆண்டு இருந்தது, அட்டவணை இல்லை.
மூன்றாவது, அதே இரண்டு புள்ளிகளுக்கு
நீல வண்ணம் அடித்து வைத்திருந்தது.

நியாமேக்கு எழுதினாள்.
ஒன்பது நாள் கழித்துப் பதில்,
புள்ளியியல் பிரிவு, ஹமிது இத்ரிஸா:

"அம்மணி, படிவங்கள் புறப்பட்டது உண்மை.
மோட்டார் சைக்கிள் ஓடையில் கவிழ்ந்துவிட்டது.
தாள்களைக் கொடியில் உலர்த்தினோம், மை நிற்கவில்லை.
ஒரு பள்ளி மட்டும் பென்சிலில் எழுதியிருந்தது.
இணைத்திருக்கிறேன்."

கோணலாக எடுத்த படம்.
சுருங்கிய தாள், மூலையில் யாருடையதோ கட்டைவிரல்.
பெண்கள்: 14.
அதை அடித்துவிட்டு, 13.
ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பெயர், ஸுவேரா.
காரணம் எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

ஒரு பள்ளியை வைத்து ஒரு வட்டாரத்தைச் சொல்ல முடியாது.
லீவிகா புள்ளிகளை அப்படியே விட்டாள்.
அடிக்குறிப்பில் மட்டும்
'பென்சில்' என்று தட்டி,
அழித்து,
மறுபடி தட்டினாள்.