அரைத் தோல்

ஆரம்பாக்கத்தில் ஏஜெண்டு பரந்தாமன் கடையில்
நான் கணக்கு எழுதிய ஐந்து வருஷமும்
எதற்கும் ரூபாயில் விலை கிடையாது.
ஒரு நீர்நாய்த் தோல், ஆறு படி நொய்.
அரைத் தோல், ஒரு சீசா மண்ணெண்ணெய்.
அரைத் தோலை எப்படிக் கொண்டுவருவார்கள் என்று
முதல் நாள் கேட்டேன்.
அவர் சிரிக்காமல் சொன்னார்:
முழுசாகத்தான் கொண்டுவருவார்கள்,
நீ பாதி எழுதுவாய்.

எல்லைக்கோடு அப்போதுதான் போட்டிருந்தார்கள்.
தடாவில் வைத்த கண்ணி ஆந்திரா.
கண்ணியோடு இழுத்துக்கொண்டு ஓடிய நீர்நாய்
சேற்றில் செத்த இடம் மதராஸ்.
ரசீது கேட்ட காவல்காரனுக்கு
ஒரு பொட்டலம் புகையிலை போதும்.

போலய்யா புதன்கிழமைகளில் வருவான்.
பின்னால் ரமணம்மா,
தலையில் பாயில் சுற்றிய தோல்கள்,
சாம்பல் தேய்த்து மூங்கில் வில்லில் இழுத்துக் காய்ந்தவை.
பரந்தாமன் ஒவ்வொன்றையும் ஊதிப் பார்ப்பார்.
மேல்மயிர் விலகும்.
அடியில் இன்னொரு மயிர், பஞ்சு மாதிரி,
ஏரியில் முங்கியே வாழ்ந்தும் ஒருநாளும் நனையாதது.
காசு இதுக்குத்தான், என்பார்.
பெரியமேட்டிலிருந்து கப்பலேறி
எந்தக் குளிர்நாட்டுக் கழுத்துக்குப் போயிற்றோ.
எங்களுக்கு மார்கழியிலும் முதுகு வியர்க்கும்.

அடிக்கோல் பிடிப்பது என் வேலை.
தேக்கு. முனையில் இரண்டு அங்குலத்துக்குப் பித்தளைப் பூண்.
பூண் தாண்டித்தான் எண் தொடங்கும்.
அதை நான் செய்யவில்லை. அப்படித்தான் இருந்தது.

அவர்கள் பாஷையில் கடனுக்கு அப்பு என்று பேர்.
என் அப்பா வைத்திருந்த வைத்தியச் சுவடியில்
அப்பு என்றால் நீர்.
‘எந்த அப்பு?’ என்பான் போலய்யா, பாயைச் சுருட்டிக்கொண்டே.
எவ்வளவு கடன் என்று கேட்கிறான்.
எந்த நீர் என்று என் காதில் விழும்.
நாற்பத்தொரு தோல், என்பேன்.
அடுத்த புதனும் நாற்பத்தொன்று.

அந்தக் கார்த்திகையில் ரமணம்மா தனியாக வந்தாள்.
அவன் காலில் கண்ணியின் பல் இறங்கி
நீலமாய் வீங்கிக் கிடக்கிறான், ஊசி போட வேண்டும்.
தோல் இல்லை.
மடியிலிருந்து ஒரு வலைக்கயிறு எடுத்தாள்.
கொடுத்த தோலுக்கு ஒரு முடிச்சு.
குட்டி என்றால் இறுக்காத முடிச்சு.
கயிற்றை அடிக்கோல் மேல் கிடத்தி
பூணிலிருந்தே எண்ணத் தொடங்கினாள்.
நெல்லூர் பாசஞ்சர் வந்து, நின்று, போயிற்று.
இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.
பரந்தாமன் வெற்றிலை மெல்வதை நிறுத்தியிருந்தார்.

கடன் தீர்ந்து மேலே நின்றது ஒன்பது.
‘தொம்மிதி’ என்றாள், அவரிடம் இல்லை,
என்னிடம்.

பேரேடு என்ன சொல்லுது, என்றார் அவர்.
ஓட்டில் மழை.
பக்கம் புரட்டினேன். தேவையே இல்லை,
எண் எனக்கு மனப்பாடம்.
நாற்பத்தொன்று, என்றேன்.
வாசலில் சாரல் அடித்து
அவள் தோளும் தலையும் நனைந்துகொண்டிருந்தன.
நான் உள்ளே இருந்தேன்.

கயிற்றை அவள் எடுத்துப் போகவில்லை.

அடுத்த புதன் யாரும் வரவில்லை.
ஸ்ரீஹரிக்கோட்டைப் பக்கம் போனார்கள் என்றான் ஒருவன்.
கால் போயிற்று என்றான் இன்னொருவன்,
ஆளே போயாயிற்று என்றும்.
நாற்பத்தொன்றையும் வராக்கடனில் எழுதச் சொன்னார்.
எழுதினேன். தையில் சம்பளம் இரண்டு ரூபாய் கூடிற்று.

கயிறு என்னிடம்தான் இருக்கிறது.
இறுக்காத முடிச்சு மட்டும் பதினாறு.
பதினேழாக இருந்தது.
ஒன்று தானாக அவிழ்ந்ததோ, என் விரல்தானோ,
பார்த்துக்கொண்டேயிருந்த ஒரு ராத்திரியில் காணோம்.
ஆக, ஒன்பதில்லை.
கணக்குப்படி இனி எட்டுதான்.